ஏரிக்கரைக் குடிசைகளும் பெயரில்லாப் புதைகுழியும்: ஒக்கிச்சோபி, 1928



நினைவுப் பேருரைக்கு ஒரு கடமை உண்டு. நினைக்கப்படுகிறவர்களோடு, நினைக்கப்படாமல் விடப்பட்டவர்களையும் அவைக்கு அழைத்துவர வேண்டும். ஆகவே இன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏரிக்கரைக் குடிசைகளில் வாழ்ந்து வெள்ளத்தில் மாண்ட கறுப்பினத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒக்கிச்சோபி சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி, ஆழம் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தென்புறச் சதுப்பு நிலத்தைக் கால்வாய் வெட்டி வடித்து வயலாக்கினார்கள். அந்தக் கரிய மண்ணில் பீன்ஸும் கரும்பும் செழித்தன. அறுவடைக்கு ஆள் தேவைப்பட்டது. தென்மாநிலங்களிலிருந்தும் பஹாமாஸ் தீவுகளிலிருந்தும் கறுப்பினக் கூலிகள் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை பள்ளத்தில், வயலோரத்தில் இருந்த பலகைக் குடிசைகள். ஏரிக்கும் வயலுக்கும் நடுவே ஏறத்தாழ ஆள் உயர மண்கரை ஒன்றுதான் இருந்தது.

அந்தக் கரையின் வலு எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருந்தது. 1926ஆம் ஆண்டுப் புயலில் அதே ஏரியின் கரை உடைந்து, மூர் ஹேவன் என்ற ஊரில் சில நூறு பேர் இறந்தார்கள். அதன் பிறகும் கரையை உயர்த்துவது பற்றிப் பேச்சு நடந்ததே தவிர, வேலை நடக்கவில்லை.

1928 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. பகலில் புயல் வரும் என்ற எச்சரிக்கையைக் கேட்டு மேட்டுக்குப் போனவர்களில் பலர், சொன்ன நேரத்தில் அது வராததால் வீடு திரும்பியிருந்தார்கள். மாலையில் புயல் கரையைக் கடந்தது. வடக்கிலிருந்து வீசிய காற்று ஏரியின் நீரைத் தென்கரையில் குவித்தது. இருட்டில் கரை உடைந்தது. பெல் கிளேட், பஹோக்கி, சவுத் பே ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த குடிசைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கட்டடத்தின் மாடியிலோ படகிலோ ஏற முடிந்தவர்கள் பிழைத்தார்கள். சவுத் பேயில் ஒரு பெரிய சரக்குப் படகில் மட்டும் ஏறத்தாழ 200 பேர் உயிர் தப்பினார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? பல பத்தாண்டுகள் 1,836 என்ற எண்ணே அரசின் கணக்காக இருந்தது. 2003இல்தான் அது ‘குறைந்தது 2,500’ என்று திருத்தப்பட்டது. இறந்தவர்களில் நான்கில் மூவர் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். வேலை தேடி வந்தவர்களில் பலரை அக்கம்பக்கத்தார் பட்டப்பெயரால் மட்டுமே அறிந்திருந்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்களைக் காணவில்லை என்று யார் எழுதிக் கொடுப்பது?

சாவிலும் நிறம் பார்க்கப்பட்டது. பிணங்களைத் தேடி எடுக்கவும் குழி வெட்டவும் கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துச் சென்றார்கள். சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன. வெஸ்ட் பாம் பீச் நகரில், வெள்ளையருக்கான இடுகாட்டில் 69 பேர் புதைக்கப்பட்டு, அங்கே நினைவுக்கல்லும் வைக்கப்பட்டது. அதே நகரில் ஏழைகளுக்கான இடுகாட்டில் 674 கறுப்பின மக்கள் ஒரே பெருங்குழியில் இடப்பட்டார்கள். அங்கே கல் இல்லை. பின்னாளில் அந்த நிலம் கைமாறியது. அதன் ஒரு பகுதியில் சாலையும் போட்டார்கள்.

இது நமக்கு அந்நியக் கதையா? 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையோரத்தில் பிணங்களை அகற்றும் வேலையில் இறக்கப்பட்டவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிவாரண முகாம்களிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவுசெய்தன. வெள்ளத்துக்குச் சாதியும் இல்லை, நிறமும் இல்லை என்று சொல்வது எளிது. சேரி எங்கே இருக்க வேண்டும், கரை எவ்வளவு உயர வேண்டும், பிணத்தை யார் தூக்க வேண்டும் என்பவற்றை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஒக்கிச்சோபி மக்கள் தமக்குத் தாமே செய்த உதவியையும் சொல்ல வேண்டும். 1928 செப்டம்பர் 30 அன்று அந்தப் பெருங்குழியருகே ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். கல்வியாளர் மேரி மக்லியோட் பெத்தூன் அதில் கலந்துகொண்டார். ஃபுளோரிடாவில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன், 1937இல் வெளிவந்த தம் நாவலில் இந்த வெள்ளத்தையும், பிணத்தின் நிறம் பார்த்துப் பெட்டி கொடுத்த கொடுமையையும் எழுதினார். நகரம் கல் வைக்காத காலத்தில் ஒரு நாவல் சாட்சி சொன்னது. இலக்கியம் பேசும் நம் அமைப்புக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

1930களில் ஏரிக்குப் பெரிய கரை எழுப்பப்பட்டது. புதைகுழி அப்படியே கிடந்தது. அங்குள்ள கறுப்பின மக்கள் அமைப்பாகத் திரண்டு விடாமல் கேட்டார்கள். 2000இல் நகராட்சி அந்த நிலத்தை மீண்டும் வாங்கியது. 2002இல் அது நாட்டின் வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2003இல், வெள்ளத்தின் 75ஆம் ஆண்டில், அங்கே வரலாற்றுப் பலகை நாட்டப்பட்டது.

ஒரு பலகைக்கு 75 ஆண்டுகள். வெள்ள நேரத்தில் அரிசியும் போர்வையும் தருவது நம் முதல் வேலை. அத்தோடு நம் கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். எந்தக் குடிசை எங்கே இருந்தது, அதில் யார் யார் இருந்தார்கள், யார் திரும்பவில்லை, எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அன்றே, பெயரோடு எழுதிவைப்போம். இழப்பீடு கேட்கவும் அதுவே சான்று. வரலாறு எழுதவும் அதுவே சான்று. மாணவர்களே, இந்த வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.