ரோமானியன் காய்ச்சிய மிளகு ஒயினும் நம்ம ஊர்க் கடற்கரையும்

டிசம்பர் வந்தால் 'மல்ட் ஒயின்' பற்றி ஒரு பேச்சு கிளம்பும். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை எல்லாம் போட்டு, கொதிக்கவிடாமல் சுடவைத்து ஆவி பறக்கக் குடிப்பது. ஜெர்மனியில் க்ளூவைன், டென்மார்க்கில் க்ளொக். "குளிர் நாட்டுச் சமாச்சாரம், குத்தாலத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். (அருவி இருக்கிற குற்றாலம் இல்லை. இது மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலம். எங்கள் ஊரில் அருவி கிடையாது, காவிரியும் வாய்க்காலும்தான்.) இன்னொருவன் நேர் எதிர். "எல்லாமே தமிழன் கண்டுபிடிச்சதுதான், இதுவும் அப்படித்தான் இருக்கும்" என்றான். இரண்டு பேர் சொன்னதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ரோமுக்குப் போவோம். அபிசியஸ் என்பவர் பெயரில் ஒரு லத்தீன் சமையல் புத்தகம் இருக்கிறது. இன்று நம் கையில் இருக்கும் வடிவத்தில் அது கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு என்பார்கள். அதில் முதல் குறிப்பே மசாலா ஒயின்தான். பெயர் 'கொண்டிட்டும் பாரடாக்சும்'. ஆச்சரிய மசாலா ஒயின் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இப்படிப் போகிறது. வெண்கலப் பாத்திரத்தில் 15 ராத்தல் தேனும் 2 படி ஒயினும் ஊற்றி, காய்ந்த விறகில் மெல்லச் சூடாக்க வேண்டும். பொங்கினால் கொஞ்சம் பச்சை ஒயின் தெளித்து அடக்க வேண்டும் (பால் பொங்கினால் நாம் தண்ணீர் தெளிப்போமே, அதேதான்). ஆறவைத்து மறுபடி சூடு, பிறகு இன்னொரு முறை. மறுநாள் நுரையை எடுத்துவிட்டு 4 அவுன்சு மிளகு, கொஞ்சம் மஸ்தகிப் பிசின், குங்குமப்பூ, ஒரு வாசனை இலை, வறுத்த பேரீச்சங்கொட்டை, ஒயினில் ஊறிய பேரீச்சம்பழம். கடைசியில் 18 படி ஒயின்.

படி என்று நான் சொல்வது ரோமானிய அளவு, நம் மரக்கால் படி அல்ல. அது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். ஆக, 11 லிட்டர் ஒயினுக்கு 5 கிலோ தேன், 110 கிராம் மிளகு. லிட்டருக்குப் பத்து கிராம் மிளகு! நம் வீட்டில் மிளகு ரசத்துக்குக்கூட இவ்வளவு போட்டால் சண்டை வரும்.

அந்த வாசனை இலைதான் லத்தீனில் 'மாலபாத்ரும்'. நம் பிரியாணி இலையின் உறவு. இமயமலை அடிவாரத்தில் விளைவது, ஆனால் ரோமானியர்களுக்குக் கப்பல் ஏறியது சேர நாட்டுத் துறைமுகங்களில். மிளகும் அங்கிருந்துதான். 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் கையேடு ஒன்று உண்டு. முசிறிப் பக்கம் என்ன ஏற்றலாம், என்ன இறக்கலாம் என்று அதில் பட்டியலே இருக்கிறது. ஏற்றுவதில் முதலிடம் மிளகுக்கு. இறக்குவதில் ஒயினும் வருகிறது, ஆனால் 'அதிகம் இல்லை' என்ற ஒட்டோடு. இந்தச் சின்ன ஒட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

இந்த மிளகு ராஜாக்களுக்கு மட்டும் போனது என்றுதான் நானும் நண்பர்களும் பேசிக்கொள்வோம். கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. பிளினி எழுதிய விலை: கருமிளகு ராத்தல் 4 தினாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15. அதே காலத்தில் ஒரு ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரி. மேலே சொன்ன 110 கிராம் மிளகு அவனுக்கு இரண்டு நாள் கூலிக்குச் சற்று மேல். விலை அதிகம்தான், ஆனால் எட்டாக்கனி இல்லை. பிரிட்டனின் வடக்கு எல்லையில் விண்டோலாண்டா என்ற கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கில் (சுமார் கி.பி. 100) ஒருவர் 2 தினாரிக்கு மிளகு வாங்கியது பதிவாகியிருக்கிறது. வட இங்கிலாந்துக் குளிரில் நின்ற யாரோ ஒருவர் கைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மிளகு போயிருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த பெரிய ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. ரோம் நகரத்திலேயே தோமிசியன் காலத்தில் மிளகுக் கிடங்கு கட்டினார்கள். கி.பி. 408-ல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட பிணையில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3000 ராத்தல் மிளகும் இருந்தது.

சரி, எதிர்த் திசைக்கு வருவோம். ஒயின் இங்கே வந்ததா? வந்தது. புறநானூறு 56-ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித்தர நாளும் மகிழ்ந்திருப்பாயாக என்கிறார். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, ஒயின் வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் நிறைய கோஸ் தீவு வகை ஜாடிகள். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். உப்புக் கரிக்கும் ஒயின்! அதைத்தான் நம் ஆட்கள் சப்புக்கொட்டிக் குடித்திருக்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். நக்கீரர் அதைக் 'குளிர்ந்தது' என்கிறார். சூடாக்கியதாகவோ மிளகு போட்டதாகவோ அந்தப் பாட்டில் இல்லை. சங்கப் பாடல்களில் மது வகைக்குப் பஞ்சமே கிடையாது: கள், நறவு, மட்டு, மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறல், நெல்லில் இறக்கும் தோப்பி. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து முளைநெல் மாவு கலந்து சாடியில் விளையவைக்கும் முறையே இருக்கிறது. (நெல் விளைகிற எங்கள் பக்கத்துக்கு இதுதான் பொருத்தம்.) மே மாத வெயிலில் நிற்கிற ஊரில் மதுவைச் சுடவைத்துக் குடிக்க யாருக்குத் தோன்றும்? ஆகவே மசாலா ஒயின் தமிழன் கண்டுபிடிப்பு என்பதை நான் ஏற்க மாட்டேன். மிளகு நம்முடையது என்பதிலும் ஒரு திருத்தம்: விளைந்தது சேர நாட்டு மலையில். எங்கள் காவிரிப் பக்கம் அதற்குச் சந்தையும் துறையும்தான். பட்டினப்பாலையில் புகார்த் தெருவில் குவிந்த பண்டங்களில் மிளகு மூட்டையும் ஒன்று. பெரிப்ளூஸ் சொல்லும் 'கமரா' துறைமுகம் இந்தப் புகார்தான் என்பது பெரும்பாலோர் கருத்து.

முசிறிக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149-ல் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் சொல்கிறார். ஒயினோடு வந்தது என்று சொல்லவில்லை, பொன்னோடு! பெரிப்ளூஸின் 'அதிகம் இல்லை' இங்கே பொருந்துகிறது. நாம் அவர்கள் ஒயினுக்கு அவ்வளவாக மயங்கவில்லை, அவர்கள்தான் நம் மிளகு இல்லாமல் இருக்க முடியாமல் தவித்தார்கள். தங்கம் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பியது சும்மா இல்லை.

இடைக்காலத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறேன். ரோமப் பேரரசு போனாலும் பழக்கம் போகவில்லை. 'ஹிப்போகிராஸ்' என்ற பெயரில் ஐரோப்பிய அரண்மனைகளில் தொடர்ந்தது. 1390 வாக்கில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த புத்தகத்தில் பட்டை, இஞ்சி, கிராம்பு, திப்பிலி, ஏலம் எல்லாம் போட்ட குறிப்பு இருக்கிறது. பொடித்த மசாலாவை ஒயினில் ஊறவைத்துத் துணிப்பையில் வடிகட்டுவார்கள். அந்தப் பைக்கு 'ஹிப்போகிரடீஸின் சட்டைக்கை' என்று பெயர், பானத்தின் பெயரும் அதிலிருந்துதான் என்பார்கள்.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம், தரங்கம்பாடி. குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை போய் பஸ் மாறினால் ஒரு பக்கம் பூம்புகார், இன்னொரு பக்கம் தரங்கம்பாடி. க்ளொக் குடிக்கிற டேனிஷ்காரர்கள் நேராக எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டார்கள்! 1616-ல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1620 நவம்பரில் ஓவ கெட்டே என்ற தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார், டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. வந்தது மிளகுக்காகத்தான். பிறகு அவர்கள் கப்பல்கள் மக்காசர் வரை போய்க் கிராம்பும் வாங்கின. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை தரங்கம்பாடி அவர்களிடம் இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் கோட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது முதலில் ஒரு மளிகைக் கிடங்கு என்பதை யாராவது அங்கே எழுதிவைத்தால் தேவலை.

இனி வீட்டில் செய்வது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது. வீட்டில் திராட்சையைப் புளிக்கவைத்து ஒயின் தயாரிப்பதும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே நான் செய்தது கம்பம் பன்னீர் திராட்சைச் சாறில். ஒரு கிலோ திராட்சையை அரை டம்ளர் தண்ணீரோடு வேகவைத்து மசித்து வடிகட்டுங்கள். அதில் பட்டை 2 துண்டு, கிராம்பு 5, தட்டிய ஏலக்காய் 3, மிளகு 10, ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஆரஞ்சின் தோல். வெள்ளைப் பகுதி வேண்டாம், கசக்கும். மசாலாவைப் பொடிக்காதீர்கள், கலங்கிவிடும். சிறு தீயில் கால் மணி நேரம். ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும், தளதளவென்று கொதிக்கக்கூடாது. (ஒயினில் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும்.) இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் 2 கரண்டி தேன். வேட்டித் துணியில் வடிகட்டினால் ஹிப்போகிரடீஸின் சட்டைக்கை தயார் :-)

பட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். கடையில் தடியாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்காக இருப்பது இலங்கைப் பட்டை, இதற்கு அதுதான் நன்றாக இருக்கும்.

மிளகை ரோமானியன் அளவில் போட்டும் ஒருமுறை பார்த்தேன். லிட்டருக்குப் பத்து கிராம், ஏறக்குறைய இருநூறு மிளகு. பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயம் நல்லாத்தான் இருக்கு, எதுக்குடா இதுல திராட்சையப் போட்ட?" என்றார்.