சொல்தா பட்டியலும் பெண் பெயரும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ச் சாரியில், ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்துப்போன பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்காக 1938இல் திறந்தது. ஒவ்வொரு நவம்பர் 11ஆம் தேதியும் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். நெஞ்சிலே பதக்கம் குத்திக்கொண்டு வயசாளிகள் வரிசையாக நிற்பார்கள். இவர்களுக்கு ஊரில் 'சொல்தா' என்று பெயர். படைவீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் நம் வாயில் இப்படி ஆகிவிட்டது. சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா பேரன் என்று ஒரு குடும்பத்துக்கே அது அடைமொழி. அந்த வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பொம்பளைகள் நிற்பார்கள். என் ஆயா அப்படித் தள்ளி நின்றவள்.

கட்டாயப் படைச் சேவைக்கான பட்டியலில் பெண்களையும் எழுத வேண்டுமா என்று இப்போது பல நாடுகளில் விவாதம் நடக்கிறது. நார்வேயில் 2015 முதல் பெண்களையும் எழுதுகிறார்கள். சுவீடன் 2017இல் கட்டாயச் சேவையைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஆண், பெண் என்று பார்க்கவில்லை. டென்மார்க்கில் 2025 ஜூலை முதல் பெண்களும் குலுக்கலில் வருகிறார்கள். அமெரிக்காவில் ஆண்களை மட்டும் பதிவு செய்வது செல்லும் என்று 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் கட்டாயப் படைச் சேவையே கிடையாது, நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல, வீட்டுக்குள்ளே வந்த கேள்வி. அந்தக் குடும்பங்களில் சேரியிலிருந்து வந்தவை நிறைய. அதனால் இந்தக் கேள்வியை நம் பக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சிந்தியாவில் 21 வயது நிரம்பிய யாரும் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்பது அதன் சாரம். எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் சரி, ஆண், பெண் இருபாலாரும் துறக்கலாம் என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். முன்னின்று துறந்தவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் செருப்புப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீசு வரை வழக்காடி ஜெயித்த வெள்ளாள வழக்கறிஞர். ஆனால் அவருக்குப் பின்னால் துறந்தவர்களில் பெரும்பகுதி கிறித்தவர்களும் தலித்துகளும்தான். சாதி இந்துக்கள் சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் எதிர் அணியில் நின்றார்கள். இதில் புரியாதது ஒன்றுமில்லை. வழக்கச் சட்டத்தால் லாபம் அடைந்தவனுக்கு அதைத் துறக்க என்ன அவசரம்? மண்ணாங்கட்டி, குப்பை என்று பெயர் வைத்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் துறக்க ஏதோ இருந்தது, பெறவும் ஏதோ இருந்தது.

அந்த ஆணையில் இன்னொரு வரியும் உண்டு. துறந்தவனோடு அவனுடைய மனைவியும் வயது வராத பிள்ளைகளும் புதிய சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அதாவது ஒரு பெண் தானே துறக்கலாம், துறக்காவிட்டாலும் புருஷன் துறந்ததில் அவளும் சேர்த்தி. சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? நெப்போலியன் காலத்துச் சட்டத்தில் மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். 1938இல்தான் அதை எடுத்தார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை 1944இல் வந்தது. புருஷன் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965 ஆயிற்று. மனு கையிலிருந்து விடுபட்ட சேரிப் பெண்ணை நெப்போலியன் வாங்கிக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆண்களுக்கு நடந்தது வேறு. பிரான்சில் குடிமகன் என்றால் படைச் சேவை செய்பவன். ஓட்டும் துப்பாக்கியும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது அந்தக் குடியரசின் பழைய நம்பிக்கை. அதனால் படையில் சேர்வதை இங்கே துறந்தவர்கள் சுமையாகப் பார்க்கவில்லை, உரிமையாகவே பார்த்தார்கள். 1914–18 போருக்கு இங்கிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். பிறகு சைகோன், இந்தோசீனப் போர், அல்ஜீரியா. அந்தப் போர்கள் யாரை எதிர்த்து நடந்தவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தன் ஊரில் அடிமைப்பட்டவன் இன்னொரு ஊர்க்காரனை அடிமைப்படுத்தப் போனான். அது நம் வரலாற்றில் உள்ள கறைதான். ஆனாலும் திரும்பி வந்தவன் சேரியில் கல்வீடு கட்டினான், பூட்ஸ் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான், மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கினான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். நிலக்காரன் வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய தேவை அந்த வீட்டுக்கு அத்தோடு தீர்ந்தது. சேரிக்கு அந்தப் பட்டியலில் கிடைத்தது இதுதான்.

என் தாத்தா இந்தோசீனாவுக்குப் போனார், அப்புறம் அல்ஜீரியாவுக்குப் போனார். 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய தகரப் பெட்டியில் படைச் சேவைப் புத்தகம் இருந்தது. அதில் அவர் பெயர், உயரம், பிறந்த ஊர், எந்தெந்தக் கப்பலில் போனார், எந்தெந்தப் படைப்பிரிவில் இருந்தார் எல்லாம் வரிசையாக இருக்கும். அதே பெட்டியில் ஆயாவின் தாள்களும் இருந்தன. அவற்றில் அவள் முதலில் 'இன்னாருடைய மனைவி', பிறகு 'இன்னாருடைய விதவை'. தாத்தா போன பிறகு அவர் வாங்கியதில் பாதி அவளுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று தர வேண்டும். ஒருதடவை நான் கூடப் போயிருந்தேன். அந்த ஆபீசில் ஆயா தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உன் பேரு இருக்கட்டும்மா, உன் வூட்டுக்காரர் நம்பரச் சொல்லு" என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. காகிதம் அப்படித்தான் கேட்டது.

தாத்தா அங்கே இருந்த காலமெல்லாம் இங்கே நாற்று நட்டது யார்? மாமியாருக்கு மருந்து வாங்கியது யார்? பணம் வராத மாதத்தில் கடன் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியது யார்? அந்தச் சேவைக்குப் புத்தகம் கிடையாது.

1997இல் பிரான்சு தன் படைச் சேவைச் சட்டத்தைத் திருத்தியது. கட்டாயச் சேவையை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் பதினாறு வயதில் பெயர் பதிவதை நிறுத்தவில்லை. அதைப் பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். 1983 சனவரி 1க்குப் பிறகு பிறந்த பெண்கள் எல்லாரும் பதிய வேண்டும். பிரான்சுக்கு வெளியே இருப்பவர்கள் தூதரகத்தில் பதிய வேண்டும். பதிந்த பிறகு ஒருநாள் கூப்பிட்டு நாட்டுப் பாதுகாப்பு பற்றிச் சொல்லித்தருவார்கள். சான்று இல்லாவிட்டால் பள்ளி இறுதித் தேர்வுக்கு எழுதிப் போடுவதே சிக்கல்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன் 1974இல் பிறந்தவன். அவனை எழுதினார்கள், பத்து மாதம் போய்விட்டு வந்தான். நான் 1977. என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. விருப்பம் இருந்தால் பெண் சேரலாம், ஆனால் அவள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தங்கச்சி 1983. அவளை எழுதினார்கள். 1999இல் அவள் தாளைக் கொண்டுவந்து காட்டினபோது ஆயாவுக்குப் பக்கென்று ஆகிவிட்டது.

"ஏண்டி, பொட்டப்புள்ளயப் போயி சொல்தாவுக்கு எழுதறாங்களா?"

"பேரு மட்டுந்தான் ஆயா. துப்பாக்கியெல்லாம் இல்ல."

"யாரு பேரு? உங்கப்பன் பேரா?"

"என் பேருதான் ஆயா."

ஆயா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. பெட்டியைத் திறந்து தாத்தாவின் புத்தகத்துக்குள் அதை வைத்தாள். தங்கச்சி தேர்வுக்குக் கேட்டபோதுதான் எடுத்துக் கொடுத்தாள்.

பெண்களை எழுதக்கூடாது என்பவர்கள் இரண்டு வகை. பெண் மெல்லியவள், வீட்டைக் காப்பவள், அவளைப் போர்முனைக்கு அனுப்புவது பண்பாட்டுக்கு அடுக்காது என்பவர்கள் ஒரு வகை. இவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? சேரிப் பொம்பளை மெல்லியவள் என்று எந்த மிராசுதாரன் சொன்னான்? வெட்டி வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்றபோது பொம்பளை வேண்டாம் என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு சேற்றில் இறங்கினவளிடம் பண்பாடு பேசவில்லை. எந்தக் கடினமான வேலையிலிருந்தும் அவளுக்கு விலக்குக் கிடையாது. பென்ஷனும் பெயரும் உள்ள வேலை வரும்போது மட்டும் அவள் மெல்லியவளாகிவிடுகிறாள்.

இன்னொரு வகையினர் போரே வேண்டாம் என்பவர்கள். ஆண்களைக் கொல்லப் பழக்கினது போதாதென்று பெண்களையுமா என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஈழத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். 1987 அக்டோபரில் கோப்பாயில் மாலதி இறந்ததிலிருந்து, விரும்பிப் போன பெண்களின் கதை உண்டு. கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிடித்துப்போன பெண்பிள்ளைகளின் கதையும் உண்டு. பிள்ளையை ஒளித்து வைத்த தாய்மார், அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்த தாய்மார் அங்கே எத்தனையோ பேர். பட்டியலில் பெயர் வந்ததாலேயே பெண்ணுக்கு விடுதலை வந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பட்டியலை நம்பக்கூடாது என்று நமக்கே அனுபவம் உண்டு. பம்பாய்ப் படையில் தலைமுறை தலைமுறையாக இருந்த மகர்களை, வீர இனம் இல்லை என்று சொல்லி 1892இல் வெள்ளைக்காரன் சேர்ப்பதை நிறுத்தினான். அம்பேத்கரின் அப்பா படையில் சுபேதாராக இருந்தவர். படைப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்குள் எழுத்து அவ்வளவு சுலபமாக வந்திருக்காது. அம்பேத்கரும் மற்றவர்களும் தொடர்ந்து கேட்டு, இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் 1941இல் மகர் படைப்பிரிவு வந்தது. தேவை என்றால் எழுதுவார்கள், தேவை தீர்ந்தால் அடித்துவிடுவார்கள். 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்து வெளியே வருகிறவனுக்குப் பென்ஷன் கிடையாது. எங்கள் தாத்தாவுக்கு அப்படி இருந்திருந்தால் எங்கள் கதை வேறு.

நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு வெட்டியையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. நம் பாட்டன் பூட்டன்மார் முதுகு அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, பொதுநலத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம் என்று விலக்கு வைக்கிறது. அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் என்பவற்றை மட்டும் வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது. பால் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. 15ஆம் பிரிவில் இருக்கிறது, இங்கே இல்லை. நாளைக்கு இந்தியாவில் கட்டாயச் சேவை வந்து, ஆண்களை மட்டும் எழுதினால், இந்த உட்பிரிவு அதைத் தடுக்காது. பெண்ணைக் காப்பாற்றத்தான் இப்படி விட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். அந்தப் பேச்சின் விலை நமக்குத் தெரியும்.

அதனால் என் கருத்து இது. ஓர் அரசு தன் குடிமக்களைப் பட்டியல் போட்டுத்தான் ஆவேன் என்றால், பெண் பெயரை விட்டுவிட்டுப் போடக்கூடாது. விட்டால், கடமையை மட்டுமல்ல, அந்தக் கடமையைக் காட்டிக் கொடுக்கப்படும் நிலத்தையும் பென்ஷனையும் மரியாதையையும் ஆணுக்கே எழுதுகிறது என்று அர்த்தம். ஆனால் சீருடை போட்டால்தான் குடிமகன், குடிமகள் என்ற பேச்சை ஒப்புக்கொள்ளக்கூடாது. எங்கள் தாத்தா மனுஷனாக நடத்தப்பட இந்தோசீனாவில் போய் யாரையோ சுட வேண்டியிருந்தது. அந்த விலையை அவரிடம் கேட்டதே அநியாயம். அதே விலையைப் பேத்தியிடமும் கேட்பது சமத்துவம் ஆகாது. கட்டாயப்படுத்திக் கொல்லச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும்.

ஆயா 2004இல் செத்துப்போனாள். சாவுத் தாளிலும் 'இன்னாருடைய விதவை' என்றுதான் போட்டிருந்தது. நினைவுச் சின்னத்தில் அவள் பெயரைப் பொறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவள் யாரையும் சுடவில்லை. அடுத்த நவம்பர் 11ஆம் தேதி கொஞ்சம் தள்ளி நிற்கும் பொம்பளைகளைப் பார்த்தால், "உங்க வூட்டுக்காரர் யாரு" என்று கேட்காதீர்கள். முதலில் அவர்கள் பெயரைக் கேளுங்கள்.