எண்ணிக்கை சரியும் முன்னே: எச்.ஐ.வி. பற்றிய அறிவின் வளர்ச்சியும் மலையகச் சுகாதாரமும்

எச்.ஐ.வி. உடலின் நிர்ப்பீடனத்தை எவ்வாறு சிதைக்கிறது என்ற அறிவு வளர வளர, சிகிச்சையைத் தொடங்க வேண்டிய காலமும் முன்தள்ளப்பட்டு வந்துள்ளது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்ட மக்களுக்கு இம்மாற்றத்தின் பொருள் என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டறிதல்

1981 ஜூனில், லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களைத் தாக்கிய அரிய நிமோனியா பற்றிய அறிக்கை வெளியானது; எயிட்ஸ் நோயின் முதல் அறிக்கை அதுவே. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவகத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மொன்தானியே ஆகியோரின் குழு அந்நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸைப் பிரித்தெடுத்தது. சில வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 புரதத்தைப் பற்றிக்கொண்டே அது கலத்தினுள் நுழைகிறது என்பது 1984இல் தெளிவானது. சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் 1986இல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தனர். 1987இல் இலங்கையர் ஒருவரிடம் முதன்முறையாகத் தொற்று அறியப்பட்டது.

சிதைவின் வழி

அப்புரதத்தைத் தாங்கிய சி.டி.4 கலங்கள் பிற வெண்குருதிக் கலங்களைத் தூண்டி நெறிப்படுத்துபவை. அவை அழிந்தால் எதிர்ப்பு முழுவதும் ஒழுங்கிழக்கும். தொற்றுக்குப் பின் வைரஸ் பல ஆண்டுகள் உறங்குகிறது என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. டேவிட் ஹோ, ஜோர்ஜ் ஷா குழுக்களின் 1995ஆம் ஆண்டு ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. வைரஸ் ஓயாமல் பெருகுகிறது. உடலும் இழந்த கலங்களை ஓயாமல் ஈடுசெய்கிறது. முதல் சில வாரங்களிலேயே குடற்சுவரின் சி.டி.4 கலங்களில் பெரும்பகுதி அழிந்துவிடுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆரோக்கியமானவரின் ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இக்கலங்கள் இருக்கும். 200க்குக் கீழ் சரிந்தால் அது எயிட்ஸ் நிலை. உலக சுகாதார நிறுவனம் சிகிச்சை தொடங்கும் எல்லையை 2010இல் 350 ஆகவும் 2013இல் 500 ஆகவும் உயர்த்தியது. 2015இல் எல்லையையே நீக்கி, தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை தரப் பரிந்துரைத்தது.

மலையகத்தில்

மலையகத்தின் சுகாதார மரபு வேறொரு வழியில் உருவானது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தை ஒட்டி வளர்ந்த தோட்ட மருத்துவ ஏற்பாடு, நோயில் விழுந்தவரைத் தேற்றி மீண்டும் மலை வேலைக்கு அனுப்புவதையே முதன்மையாகக் கொண்டது. முடியாமல் போனால்தான் மருந்துக்குப் போவது என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. எச்.ஐ.வி.யோ பல ஆண்டுகள் அறிகுறியின்றி அழிவை நடத்துவது. உடல் முடியாமல் போகும் நாளில் நிர்ப்பீடனத்தின் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

காசநோய் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. நுரையீரலில் காசநோய்க் கிருமிகளைச் சூழ்ந்து அடக்கி வைக்க சி.டி.4 கலங்களின் துணை வேண்டும். அவை குறைந்தால் அடங்கிய கிருமி மீண்டும் எழும். காற்றோட்டமற்ற லயத்து அறையில் நெருங்கி வாழும் குடும்பத்துக்கும் அது பரவலாம்.

முன்கூட்டிய பரிசோதனை பலன் தரும் என்பதற்கு இலங்கையே சான்று. கர்ப்பிணிகளின் வழக்கமான பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் சேர்க்கப்பட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று பரவுவதை நாடு ஒழித்துள்ளதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் கர்ப்பிணி கிளினிக்கின் வாசலுக்கு ஆண்களும் மணமாகாதோரும் வருவதில்லை. அவர்களுக்கு ஒரு நாள் பேரை (நாட்கூலியை) இழக்காமல், அயல் வீட்டார் அறியாமல் பரிசோதனை செய்துகொள்ளும் வழி தோட்டத்திலேயே வேண்டும். சிகிச்சையின் பலன் அதைத் தொடங்கும் நாளைப் பொறுத்தது என்பதால், கூலியும் தூரமும் அந்தரங்கமும் மலையகத்தில் மருத்துவத்தின் பகுதியாகவே கொள்ளப்பட வேண்டியவை.