கண்ணாடிக்கு வெளியே

என் பேத்தி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். எடை 1,200 கிராம். கடையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது இன்றும் அந்த நாள் நினைவுக்கு வரும். தாத்தா பாட்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. என் மகளோ, அனுமதி இருந்தும் போக மறுத்தாள். "பார்த்துட்டா அப்புறம் என்னால தாங்க முடியாதுப்பா" என்றாள்.

அந்தக் கண்ணாடிச் சுவருக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1880 வாக்கில் பாரிஸில் டாக்டர் தார்னியே, மிருகக்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னாராம். பெட்டி பல பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. ஆனால் அவருடைய மாணவர் பியேர் புதேன் வேறொன்றைக் கவனித்தார். பிரித்து வைத்த குழந்தையின் மேல் தாய்க்கே பற்று விட்டுப் போகிறது.

அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து, 25 சென்ட் டிக்கெட் போட்டுக் காட்டினார். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை. டிக்கெட் பணத்தில்தான் வைத்தியம். ஆஸ்பத்திரிகளோ, தொற்றுப் பயத்தில் தாயைப் பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தின.

1978-79ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற இரு டாக்டர்கள் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். அதுதான் கங்காரு முறை. எல்லோரும் உடல் சூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அங்கே மறுபரிசோதனைக்கு வரும் தாய்மார்கள் கூட்டமாக ஒரே அறையில் உட்காருவார்கள். ஒருத்தி கேட்கும் சந்தேகம் மற்றவளுக்கும் தீரும்.

எங்கள் வராந்தாவில் யாரும் திட்டம் போடாமலே அது நடந்தது. ஐந்தாம் நாள், பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு கிராமத்துப் பெண் மகளிடம் வந்தாள். அவள் பிள்ளை உள்ளே போய் 38 நாள். "தங்கச்சி, எம்புள்ள தொள்ளாயிரம் கிராம்தான். நானும் மூணு நாள் போகல. எந்திரி, நானும் வாரேன்" என்றாள். நாங்கள் நான்கு நாளாகச் சொல்லியும் அசையாத மகள் எழுந்து போனாள். பால் பீய்ச்சி எடுப்பதையும், பிற்பாடு பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவதையும் அவளிடம்தான் பழகினாள். சிஸ்டர்கள் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் மகளுக்குப் பயம் வரவில்லை.

என்னை அவள் "ஐயா" என்பாள். நான் "ஏம்மா" என்பேன். பெயர் கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு நாள் காலையில் பாய் விரித்த இடம் காலியாக இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள்.

பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பெண்ணிடம் இரவல் வாங்கிய எவர்சில்வர் பாலாடை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.