கழுத்துக் கட்டியும் ஒரு பழைய ஃபைலும்

ஆழ்வார்பேட்டையிலிருந்து கோட்டூர்புரம் பாலம் தாண்டி சர்தார் படேல் சாலைக்கு வந்தால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். நான் ஆபீஸ் போகிற வழி. குழந்தையை ஒரு கையிலும் தடித்த ஃபைலை இன்னொரு கையிலும் பிடித்தபடி பெற்றோர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஃபைலுக்கு என்ன மதிப்பு என்பது, குழந்தைகளுக்கு வரும் தைராய்டு புற்றுநோயின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

1950, நியூயார்க். டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த நோய் வந்த 28 சிறுவர்களின் கேஸ்களைப் புரட்டினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது எக்ஸ்ரே சிகிச்சை நடந்திருந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி வீங்கி மூச்சை அடைத்துவிடும் என்ற பயத்தில் கொடுத்த வைத்தியம். உண்மையில் அந்த வயதில் தைமஸ் பெரிதாகத்தான் இருக்கும்! இதுதான் காரணம் என்று இருவரும் அடித்துச் சொல்லவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன.

அடுத்தது செர்னோபில். 1986 ஏப்ரல் 26-ல் அணு உலை வெடித்து, அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டுப்பால் வழியாகக் குழந்தைகளிடம் போனது. தைராய்டுக்கு அயோடின் வேண்டும்; நல்லது கெட்டது பார்க்காமல் இழுத்துக்கொள்ளும். பெலாரஸில் 1986 முதல் 1989 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 கேஸ். 1991-ல் மட்டும் 55 என்று அந்நாட்டு டாக்டர்கள் 1992-ல் எழுதினார்கள். 'இவ்வளவு சீக்கிரம் வராதே, அதிகமாகத் தேடுவதால் அதிகமாகக் கிடைக்கிறதோ?' என்று வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் சந்தேகப்பட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு சரியாகவே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மருந்தும் அதே அயோடின்-131தான். நுரையீரல் வரை பரவிய தைராய்டு செல்களைக்கூட அது தேடிப் போய் அழிக்கும். குழந்தைகளிடம் நோய் பெரியவர்களைவிட அதிகம் பரவியிருக்கும்; இருந்தாலும் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். அறுபது எழுபது வருஷம் வாழப்போகிற உடம்புக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு ஏன்? அமெரிக்கத் தைராய்டு சங்கம் குழந்தைகளுக்கென்று முதல் தனி வழிகாட்டியை 2015-ல்தான் கொண்டுவந்தது. ஆபத்து குறைவான பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் அயோடின் வேண்டாம் என்றது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் திறந்த அடையாறு இன்ஸ்டிட்யூட்டில், 1960-லேயே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. மெட்ராஸ் நகரத்துப் புற்றுநோய்ப் பதிவேடும் 1982 முதல் அங்கேயே நடக்கிறது. ஒரு நோய் கூடுகிறதா என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமே. சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது உடனே புரியும்: பழைய லாக் இல்லாமல் பிழை எப்போது நுழைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறு வயதில் வேறு புற்றுநோய்க்காகக் கழுத்திலோ நெஞ்சிலோ கதிர்வீச்சு வாங்கிப் பிழைத்தவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வர வாய்ப்பு கூடுதல். பல வருஷம் கழித்தும் வரலாம். குணமாகிவிட்டது என்று அந்த ஃபைலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிள்ளை வளர்ந்ததும் கையில் கொடுங்கள். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.