மூலப் பிரதிக்குத் திரும்புதல்

நம் ஊர் மேரியில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று பதிவு செய்த பழைய பிரெஞ்சுக் காலப் பதிவேடுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1804-ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி ஒவ்வொரு பதிவையும் இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். வருஷம் முடிந்ததும் ஒன்று மேரியில் தங்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போகும். காலனிகளுக்கு மூன்றாவது பிரதியும் உண்டு. அதைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-லேயே அரச ஆணை போட்டுவிட்டார்கள். பிழை இருந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது, ஓரத்தில் குறிப்புதான் எழுத வேண்டும். குமாஸ்தா வேலையில் எனக்கு ஊறிப்போன பாடம் அது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்னப் பெட்டி அதே பாடத்தை எனக்கு மறுபடியும் நடத்தியது.

பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. லிங்க்சிஸ் என்.எஸ்.எல்.யு.2 என்று பெயர், கையடக்கமான அளவு. பின்பக்கம் யு.எஸ்.பி. டிஸ்க்கைச் செருகி, நெட்வொர்க் கேபிளை மாட்டினால், வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அந்த டிஸ்க்கைப் பார்க்கலாம். அப்பாவின் உத்தியோகக் காகிதங்கள், அம்மா கைப்பட எழுதிய கடிதங்கள், எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன்.

பெட்டிக்குள் இருந்து அதை இயக்கும் எழுத்துக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் பிறந்த சொல் இது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இதை மிக்ரோலொஜிசியல் என்பார்கள். 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லையே ஏற்காமல், 1955-இல் ழாக் பெரே என்ற பேராசிரியரிடம் கேட்டு 'ஒர்தினாத்தர்' என்று வைத்துக்கொண்டவர்கள் அல்லவா!

ஆரம்பத்தில் இந்த எழுத்தைச் சில்லிலேயே பதித்துவிடுவார்கள். மாற்ற முடியாது, கல்வெட்டு மாதிரி. 1971-இல் இன்டெலில் டவ் ஃப்ரோமன், அழித்து எழுதக்கூடிய சில்லைக் கண்டுபிடித்தார். அதன் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைக் காட்டினால் எழுத்து அழியும். பிறகு ஜப்பானில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தை உருவாக்கி 1984-இல் அறிவித்தார். இதை மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். கல்வெட்டு சிலேட்டுப் பலகை ஆனது. அன்றிலிருந்துதான் 'பழைய எழுத்தை மீட்பது' என்ற வேலையே வந்தது. அழிக்க முடியாததை மீட்க வேண்டிய அவசியம் ஏது?

சிலேட்டில் வெளியாட்கள் எழுத ஆரம்பித்ததற்கும் ஒரு கதை உண்டு. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி, அதை வைத்துப் பொருள் விற்பவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். கேட்டார்கள், கம்பெனியும் வெளியிட்டது. அதிலிருந்து ஓபன்டபிள்யூ.ஆர்.டி. போன்ற தன்னார்வலர் திட்டங்கள் கிளைத்தன.

2004-இல் வந்த என் பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான். நினைவகம் 32 மெகாபைட், எழுத்து இருக்கும் ஃப்ளாஷ் வெறும் 8 மெகாபைட். ஆர்வலர்கள் இதற்கு 'ஸ்லக்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஓடில்லாத நத்தை என்று அர்த்தம். முதலில் வந்த பெட்டிகளில் 266 மெகாஹெர்ட்ஸ் பிராசசரைப் பாதி வேகத்தில் ஓட விட்டிருந்தார்கள். ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் முழு வேகம் வரும் என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி எழுத்தோடு புதியதைச் சேர்த்த 'அன்ஸ்லங்' என்ற ஃபர்ம்வேரைத்தான் தம்பி மகன் என் பெட்டியில் ஏற்றியிருந்தான்.

பல வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் ஏதோ அமைப்பை மாற்றி, அது எழுதி முடிப்பதற்குள் அவசரப்பட்டு ஸ்விட்சை அணைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அதன்பின் பெட்டி பேசவில்லை. அம்மாவின் கடிதங்கள் போய்விட்டனவோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போனில் தம்பி மகன் சிரித்தான். "பெரியப்பா, போனது பெட்டியின் எழுத்து. உங்கள் எழுத்து டிஸ்க்கில் இருக்கிறது. முதலில் டிஸ்க்கைக் கழற்றுங்கள்" என்றான். அந்த டிஸ்க் லினக்ஸ் முறையில் அமைந்தது. விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். 'சரி' என்று அழுத்தினால் கதை முடிந்தது. பக்கத்துத் தெருப் பையனின் லினக்ஸ் லேப்டாப்பில் செருகி எல்லாவற்றையும் நகல் எடுத்த பிறகுதான் பெட்டியைத் தொட்டோம்.

மீட்கும் முறை எளிது. டிஸ்க் இல்லாமல், ரீசெட் துளையில் கம்பியை அழுத்திக்கொண்டே பவரைப் போட வேண்டும். சுமார் பத்து விநாடியில் விளக்கு ஆரஞ்சிலிருந்து சிவப்பாகும். அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறிச் சிமிட்டினால் பெட்டி காத்திருக்கிறது என்று பொருள். கம்பெனியின் மூல ஃபர்ம்வேரைக் கேபிள் வழியே அனுப்பினோம். பெட்டி உயிர்பெற்றது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? ஃப்ளாஷின் தொடக்கத்தில் 256 கிலோபைட்டில் ரெட்பூட் என்ற சின்னத் தொடக்க நிரல் இருக்கிறது. பெட்டியின் தனி நெட்வொர்க் முகவரியும் அங்கேதான் இருக்கிறது. மற்ற இடத்தில் யார் என்ன எழுதினாலும் அந்த மூலையைத் தொடக் கூடாது என்பது ஆர்வலர்களின் விதி. அந்த மூலை அப்படியே இருந்ததால்தான் திரும்ப வழி இருந்தது. அதுவும் போதாது, மூல ஃபர்ம்வேரின் கோப்பும் யாரிடமாவது இருக்க வேண்டும். இந்தப் பெட்டியின் விற்பனை 2008-லேயே நின்றுவிட்டது. எங்களுக்குக் கைகொடுத்தது தம்பி மகன் அன்றே எடுத்து வைத்திருந்த பிரதி.

ஆனால் பழைய எழுத்தோடு பழைய குறையும் திரும்பி வந்தது. இந்தப் பெட்டி பேசுவது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு. பாதுகாப்புப் போதாது என்று 2017 முதல் விண்டோஸ் 10-இன் புதிய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதில்லை. என் புது கம்ப்யூட்டரின் கண்ணுக்கு என் பெட்டி தெரியவே இல்லை. அந்தக் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. உயிர் பிழைத்த பெட்டி இப்போது அலமாரியில் ஓய்வெடுக்கிறது, என்னைப் போல.

அம்மாவின் கடிதங்கள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன: ஒன்று என்னிடம், மற்றொன்று வேறு ஊரில் உள்ள மகளிடம். மூன்றாவது பிரதி பிரான்சுக்குப் போயிருக்கிறது, தம்பி மகன் வீட்டுக்கு. 1776-இன் ஆணைப்படியே!