தூண் மறைக்காத பூசை: அச்சுக்கூடம் முதல் கைப்பேசி வரை தமிழ்க் கிறிஸ்தவமும் சாதியும்



இந்த நினைவு மேடையில் என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கோயில் கதவுகள் சாத்தப்பட்டன. ஏப்ரல் 12 ஈஸ்டர். எங்கள் பங்கின் பூசை யூடியூபில் நேரலையாக வந்தது. தம்பியின் கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, முக்காடு போட்டுக்கொண்டு, பாய் விரித்து அம்மா உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் சொன்னார்: "இன்னைக்குத்தாம்ப்பா சாமி மூஞ்சிய இவ்வளவு கிட்டத்துல பாக்குறேன்." எங்கள் கோயிலில் எங்கள் தெருக்காரர்களுக்கு இடம் வடக்கு ஓரம். அங்கிருந்து பார்த்தால் பீடத்தைத் தூண் மறைக்கும்.

சமூக ஊடகத்தில் வரிசை இல்லை, ஓரம் இல்லை, ஆகவே விசுவாசம் அங்கே சாதியைத் தாண்டிவிடும் என்று அன்று நானும் நம்பினேன். வரலாற்றைப் புரட்டினால் அந்த நம்பிக்கை புதிதல்ல என்று தெரிகிறது.

தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறிய நூலே ஒரு கிறிஸ்தவ நூல்தான். 1578இல் கொல்லத்தில் அண்டிறிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கே அச்சுக்கூடம் நிறுவினார். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஏட்டுச்சுவடி யார் வீட்டில் இருக்கும் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. அச்சுப் புத்தகம் அந்த வேலியைத் தாண்டிப் போனது.

போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் இராசநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்த கத்தோலிக்கர், தஞ்சாவூர்ப் படையில் சிப்பாய். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்குக் கிடைத்தது. வாசித்தார், மிஷனரிகளோடு தொடர்பு கொண்டார், 1720களின் இறுதியில் உபதேசியார் ஆனார். 1733இல் வெள்ளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். இரண்டாவது குருவைத் தேடியபோது இராசநாயக்கன் பெயரும் வந்தது. ஆனால் அவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் அபிஷேகம் பெற்றவர் டியோகோ, அவரும் வெள்ளாளர். அச்சிட்ட வசனம் இராசநாயக்கனின் வீடு வரை வந்தது. அவருடைய கை மட்டும் பீடம் வரை போகக்கூடாதென்று ஆயிற்று.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபையிலிருந்து சாதியை அடியோடு அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அதற்கு முன்பே, கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியிருந்தார். சாதியைக் கடந்து பரவிய எழுத்தே சாதிக்குக் காவலாகவும் நின்றது.

நம் தரப்பிலும் ஊடகம் சும்மா இருக்கவில்லை. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), நாம் அறிந்த பறட்டை, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஓர் உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதை இறையியலாகப் பேசினார். பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பது அவர் கொள்கை.

மீண்டும் 2020க்கு வருவோம். இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே ஓர் ஆவணத்தில் சொல்லிவிட்டது. ஆகவே திரையில் பூசை பார்க்கலாம், நன்மை வாங்க முடியாது; ஆன்மிக நற்கருணை ஜெபம் மட்டும் சொல்லலாம். அந்த வாரங்களில் எந்தத் தெருக்காரர் நாவிலும் அப்பம் வைக்கப்படவில்லை. கிட்டப் போக முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதை ஊரே ஒரு முறை அனுபவித்தது.

கதவு திறந்ததும் அவரவர் பழைய இடத்துக்குப் போனோம். அம்மாவும் வடக்கு ஓரத்துக்கே போனார். நேரலை மட்டும் நிற்கவில்லை. திருவிழாவில் கேமரா தேரின் பின்னாலேயே போகிறது; தேர் எங்கள் தெருமுனையில் திரும்பிவிடுகிறது, கேமராவும் திரும்பிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு எங்கள் தெரு என்று ஒன்று இருப்பதே தெரியாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் தெருப் பையன் ஒருவன் கல்லறையின் நடுவே நிற்கும் சுவரைப் படமெடுத்துப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பத்து நிமிடத்தில் படம் நீக்கப்பட்டது. "ஜெபம் மட்டும் பதிவிடவும்" என்று செய்தி வந்தது. மறுநாளிலிருந்து அட்மின்கள் மட்டுமே எழுதலாம். அட்மின்கள் நால்வர், நால்வரும் தேர் போகிற தெருக்காரர்கள்.

பையன்கள் தனிக் குழு தொடங்கினார்கள். காலையில் வசனம் வருகிறது, நோயாளிக்காக ஜெபமாலை சொல்கிறார்கள், இரத்தம் தேவையென்றால் கேட்கிறார்கள். கல்லறைச் சுவரும் அங்கே இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அதற்காக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படும் கருப்பு நாளில் அந்தக் குழுவின் முகப்புப் படம் கருப்பாகிறது. ஜெபமும் வழக்கும் ஒரே குழுவில் இருப்பதில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. எனக்கும்தான்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இராசநாயக்கனை நாம் அறிவது, மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானதால்தான். நம் பிள்ளைகள் எடுக்கும் படங்களோ ஒரு நிறுவனத்தின் கணினியிலும் ஓர் அட்மினின் விரல் நுனியிலும் இருக்கின்றன. அவற்றைத் தேதியோடும் இடத்தோடும் பிரதியெடுத்து, நம் மன்றங்களின் கையில் சேருங்கள். நாளைக்கு வழக்கு நடக்கும். அன்று இவைதாம் சாட்சி.

நேரலையில் எங்கள் தெருவைக் காட்டச் சொல்லி யாரையும் நாங்கள் கெஞ்சப் போவதில்லை. தேர் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். கேமரா தானாகப் பின்னால் வரும்.